கம்ப்யூட்டர் அணையற சாயங்காலங்கள்

நவம்பர் 4, செவ்வாய்

இந்நேரத்துக்கு எழுத உக்காந்ததுக்கு மன்னிக்கணும். யாருகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்? நோட்டுகிட்டதான். பாப்பா தூங்கின பிறகுதான் ரெண்டு கையும் என் கையா ஆகுது.

நாள் முழுக்கச் சாரல். மலை தெரியவே இல்ல. துணி காயல.

கம்ப்யூட்டர் இன்னைக்குச் சாயங்காலமும் தானா அணைஞ்சுது. ஆறாம் வகுப்பு சமூக அறிவியல், ரெண்டாம் பக்கம். 'பொருத்துக' முழுக்க அடிச்சு முடிச்சு, சேவ் பண்ணக் கை போகுது, போச்சு. சத்தம் ஒண்ணும் இல்ல. உள்ள ஃபேன் மட்டும் கொஞ்ச நேரம் சுத்தி நின்னுது. கருப்புத் திரையில என் மூஞ்சி.

தீபாவளிக்கு அப்புறந்தான் இப்படி. அதுவரைக்கும் ஒரு வம்பும் பண்ணாத மெஷினு. காலேஜ் படிக்கறப்ப அப்பா வாங்கித் தந்தது. கல்யாணச் சீரோட, பீரோவுக்கும் கிரைண்டருக்கும் நடுவுல வெச்சுக் கட்டி, வெள்ளகோவில்ல இருந்து டெம்போவுல வந்து தொண்டாமுத்தூர்ப் பக்கம் இந்தத் தோட்டத்துல இறங்குச்சு. அன்னைக்கு யாரோ சொன்னது இன்னும் காதுல: "பொண்ணு கம்ப்யூட்டரோட வருதுங்கோ. மாப்பிள்ளை இனிப் பட்டனைத் தட்டித்தான் சோறு கேக்கோணும்."

பழசுதான். ஆனா பள்ளிக்கூடத்து வினாத்தாள் எல்லாம் அந்தக் காலத்துத் தமிழ் ஃபாண்ட்டுல இருக்கு. லேப்டாப்புல தொறந்தா கட்டங்கட்டமாத் தெரியுது. இதுலதான் அடிச்சாகணும். அரையாண்டு வி.தா. எல்லாம் மாசக் கடைசிக்குள்ள தரணும்.

சந்தேகம்:
பாப்பா. எந்தப் பட்டனைக் கண்டாலும் அமுக்கணும் அவளுக்கு. ஆனா இன்னைக்கு அப்பத் தூங்கிட்டு இருந்தா. அவ இல்ல.
தூசி.
சூடு.
கண்ணு பட்டது. (இது அத்தையோட சந்தேகம்.)

அத்தை: "எந்நேரமும் அதையே வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருந்தா அதுக்கும் அலுக்குமல்லொ, கண்ணு." மானிட்டர் மேல திருநீறு பூசிட்டுப் போனாங்க.

சிரிச்சேன். ஆனா மறுபடி ஆன் பண்ணத் தொட்டப்ப விரல் நுனியில எறும்பு ஊர்ற மாதிரி சுருசுருன்னு. நிஜமா, நினைப்பா?

பாப்பாவுக்கு நகம் வெட்டணும். மறந்தாச்சு.


நவம்பர் 5, புதன்

மேகம். மழை இல்ல.

தீபாவளி லீவு முடிஞ்சு திரும்பிப் போன என் வீட்டுக்காரரு பிரபு, மஸ்கட்ல இருந்து வீடியோ கால். (நேர்ல பேர் சொல்றதில்ல. நோட்டுல சொல்லலாம்.) பம்ப்பு மோட்டார் சர்வீஸ் பண்றவருக்கு உலகத்துல எல்லாமே மோட்டாருதான்.

"மூடியைக் கழட்டு. முதல்ல பிளக்கை உருவிடு."

"உருவிட்டேனுங்க."

"பச்சைக் கலர்ல பட்டையா நிக்கும், அதுதான் ராம். தெரியுதா?"

"இதுங்களா?"

"அது என்னோட மூஞ்சி. போனைத் திருப்பு."

ராமை எடுத்து, காலேஜ்ல வாங்கின ரப்பர்ல துடைச்சு, திருப்பி மாட்டினேன். தூசியைப் பிரஷ்ல தட்டினேன். மத்தியானம் முழுக்க ஓடுச்சு. ஆறாம் வகுப்பு முடிஞ்சுது. சமைக்கறப்பப் பாட்டு முணுமுணுத்தேன், ரொம்ப நாளைக்கு அப்புறம்.

அத்தை சாமி விளக்கு வெக்கிற நேரம். திரும்ப உக்காந்தேன். ட்யூப்லைட் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுச்சு. ஹால்ல டி.வி. ஸ்டெபிலைசர் 'டக்'னுச்சு. அதே நேரம் கம்ப்யூட்டர் போச்சு.

ஹாலுக்குப் போனேன். மாமா (பிரபுவோட அப்பா) டி.வி. சத்தத்தை முழுசா அமுக்கிட்டு, தலையை ஜன்னல் பக்கம் சாச்சு எதையோ கேட்டுட்டு இருந்தாரு. நியூஸ் படிக்கிறவளோட வாய் மட்டும் அசைஞ்சுது. என்னைப் பாத்ததும், "மழை வருதான்னு பாத்தனம்மணி" ன்னாரு.

மழை இல்ல.


நவம்பர் 7, வெள்ளி

வெயில். துணி எல்லாம் காஞ்சுது. பாதி அழுக்கு நெஞ்சுல இருந்து போன மாதிரி.

வடவள்ளி செந்தில் வந்தாரு. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வெச்சிருக்கறவரு. முன்பக்க மூடியைக் கழட்டினவரு திரும்பி அத்தையைப் பாத்தாரு.

"ஏனுங்க, ஆயுத பூஜைக்கு இதுக்கு எங்கீங்க பொட்டு வெச்சீங்க?"

"எல்லாத்துக்கும் வெச்சாப்பலதானுங்க. மோட்டாருக்கு, அருவாளுக்கு, மிக்சிக்கு. அதுக்கு நெத்தி எங்கன்னு எனக்கென்னங்க தெரியும்?"

"பட்டன்தான் நெத்தின்னு நெனச்சுப்போட்டீங்க."

கரைச்ச சந்தனம் பட்டன் ஓரமா உள்ள இறங்கி, காஞ்சு, கட்டி. ஸ்விட்சு பாதி அமுங்கினாப்பலயே நிக்குது. கையில பட்டனை அமுக்கியே புடிச்சிருந்தா மெஷினு அணைஞ்சிரும், அதேதான். குச்சியால சுரண்டினாரு. மஞ்சளாத் தூள் உதிர்ந்துது, லேசா வாசம் வேற.

"சாமி கும்பிட்டதே ஆகாமப் போச்சே" ன்னு அத்தை வாயில முந்தானை. மாமா சிரிச்சாரு. நானும். வயிறு வலிக்கச் சிரிச்சேன். பாப்பாவுக்கு ஒண்ணும் புரியாம அவளும். வாசல்ல ஜிம்மி வாலை ஆட்டுச்சு, அதுக்கும் புரிஞ்ச மாதிரி.

போறதுக்கு முன்னாடி செந்தில், "வேற பவர் கார்டு இருந்தாக் குடுங்க, மாத்தியும் பாத்தரலாம்" ன்னாரு. மேஜையோட கீழ் இழுப்பறையில ஒண்ணு இருக்கணும். ஹாஸ்டல்ல ரூம் பிள்ளைங்க எடுத்துட்டுப் போயிரக் கூடாதுன்னு பிளாஸ்திரி ஒட்டி 'சுகன்யா, பி.காம். சி.ஏ.' ன்னு எழுதின கார்டு. அறையில இல்ல. தேடினேன். இல்ல. சரி, இருக்கறதே போதும்னு போயிட்டாரு.

எழுதறப்பவும் அதான் யோசனை. அந்த அறையை நானும் பிரபுவும் தவிர யாரும் தொறக்க மாட்டாங்க.


நவம்பர் 8, சனி

நாள் முழுக்க ஓடுச்சு. பொறாமைப்படற அளவுக்கு ஓடுச்சு.

சாயங்காலம் தூறல். எட்டாம் வகுப்பு அறிவியல், கோடிட்ட இடங்களை நிரப்புக. ட்யூப்லைட். டக். கருப்பு.

இந்தத் தடவை திட்டினேன், சத்தமா. பாப்பா முழிச்சுட்டா. அவளைத் தட்டறப்ப தோட்டத்துப் பக்கம் தூரத்துல ஒரு சத்தம். ஒரே தடவை. மயில்னு நினைச்சுக்கிட்டேன்.

சந்தனம் இல்ல அப்ப.


நவம்பர் 10, திங்கள்

ஜிம்மியைக் காணோம். நேத்துக் காலையில இருந்தே. பாப்பா ரஸ்க்கைக் கையில வெச்சுக்கிட்டு வாசப்படியில நின்னு 'ஜிம்மீ, ஜிம்மீ'. நமுத்துப்போன ரஸ்க்கை அவளே தின்னுட்டா.

மாமா: "எங்கயாச்சும் சுத்திட்டு வரும், வுடு சாமி." சொல்லிட்டு நேத்து மத்தியானம் சாப்பிடல. ராத்திரியும் மோரு மட்டும்.

அவரோட மண்வெட்டி பின்வாசல்ல கழுவிச் சாத்தியிருந்துது. பாத்தேன். பாத்துட்டு ஏன் நின்னேன்னு தெரியல. தோட்டத்துல இருக்கறவரு மண்வெட்டியைக் கழுவாம என்ன பண்ணுவாரு.

செந்தில் கம்ப்யூட்டரைக் கடைக்கே எடுத்துட்டுப் போயிட்டாரு. மேஜை மேல தூசி இல்லாத ஒரு சதுரம். வேலை இல்லாத சாயங்காலம். பாப்பாவை மடியில போட்டுட்டு ஹால்ல உக்காந்திருந்தேன்.

டக்.

மாமா கை ரிமோட்டுக்குப் போச்சு. சத்தம் போச்சு. அத்தை கீரை ஆயறதை நிறுத்தினாங்க. மூணு பேரும் உக்காந்திருக்கோம், நான் மட்டும் எதைக் கேக்கணும்னு தெரியாம.

கொஞ்ச நேரம் பொறுத்து மாமா சத்தம் வெச்சாரு. அத்தை கீரையை எடுத்தாங்க.

அப்ப இது கம்ப்யூட்டர்ல இல்ல.


நவம்பர் 13, வியாழன்

மழை, விட்டு விட்டு.

செந்தில் சாயங்காலம் கொண்டாந்து மாட்டினாரு. பவர் சப்ளை பெட்டி வேற போட்டிருக்காரு. "கடையில அணைக்காமயே ஓட்டினேங்க. கல்லு மாதிரி ஓடுச்சு." மாட்டிட்டு அவரு வண்டி ரோட்டைத் தொட்டிருக்காது. போச்சு.

போன் பண்ணினேன். "அப்ப உங்க ஊட்டுக் கரண்டுதாங்க. எங்கயோ திடீர்னு இழுக்குது, வோல்டேஜ் உழுகுது. பழைய மெஷினு தாங்கறதில்லீங்க. ஒண்ணு ஈபில சொல்லுங்க, இல்லாட்டி உங்க பழைய யு.பி.எஸ்.ஸை மாத்திப்போடுங்க, வோல்டேஜ் உழுகறதே தெரியாது."

பழைய யு.பி.எஸ். பேட்டரி செத்து, இப்ப என் கால் வெக்கிற மணை.

மாமாகிட்ட: "மாமா, ஈபியில சொல்லி லைனைப் பாக்கச் சொல்லலாங்களா?"

"எதுக்கம்மணி?" வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவறதை நிறுத்தல. "ஈபிக்காரன் ஊட்டுக்குள்ள வந்தா ஒண்ணு பாக்க வந்து ஒம்பது சொல்லுவான். யு.பி.எஸ்ஸே வாங்கிக்கலாம். நாளைக்கே டவுனுக்குப் போலாம்."

எதுக்கும் நாளைக்கேன்னு சொல்ற மனுசன் இல்ல.

'இழுக்குது.' அந்த வார்த்தை போகல. பாத்திரம் கழுவறப்ப, பாப்பாவுக்குப் பால் ஆத்தறப்ப. எங்கயோ திடீர்னு இழுக்குது. சாயங்காலத்துல மட்டும். மழைன்னா ஜாஸ்தி. எது?


நவம்பர் 15, சனி

நிதானமா எழுதணும். வரிசையா.

மத்தியானம். வெயில். மருதாயி பால் கறக்க வந்தா. செருப்பு முழுக்கச் சேறு. அலுத்துக்கிட்டா:

"ஏனுங்கம்மணி, உங்கத்தைகிட்டச் சொல்லுங்க. தீபாவளில இருந்து ரோட்டைச் சுத்தியே வாங்கறாங்க. பொடக்காளித் தடத்துல வந்தா எங்கூட்டுல இருந்து ஒரு எட்டு. கருக்கல்ல அந்தச் சேத்துல நான் எத்தனை தடவைங்க வழுக்கி உழுகறது?"

"ஏனாம்?"

"பாம்பாமா. அங்கில்லாத பாம்பு எங்கீங்க இருக்குது?"

பொடக்காளித் தடம், வீட்டுக்குப் பின்னாடி இருந்து போற வழி, நேரா எங்க மக்காச்சோளத்து ஓரமாப் போகும். கதிர் முத்தி நிக்குது. போன வருசம் காட்டுப்பன்னி வந்து பாதியைச் சாச்சுட்டுப் போச்சு.

தெரிஞ்சுபோச்சா அப்பவே? பாதி. பாப்பாவை இடுப்புல தூக்கிட்டு மாட்டுச்சாளைக்குப் போனேன். மாடு ரெண்டும் அசை போட்டுட்டு. மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டற மெஷினுக்கு வெச்ச ஸ்விட்ச் போர்டு, தாழ்வா, மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்துல. அதுல ஒரு கருப்பு ஒயர் சொருகியிருக்கு. மூணு முனைப் பிளக்கு. கம்ப்யூட்டர் கார்டு. அந்தப் பக்க முனையை வெட்டி, உரிச்சு, கம்பியில முறுக்கியிருக்கு. கம்பி சாளை ஓட்டை வழியா வெளிய போகுது.

ஒயர்ல பிளாஸ்திரி. 'சுகன்யா, பி.காம். சி.ஏ.' என் கையெழுத்து, ஹாஸ்டல் கையெழுத்து, குண்டு குண்டா.

மேல ஆணியில ஜிம்மியோட கழுத்துப் பட்டை தொங்குது. சலங்கையோட.

குனிஞ்சு ஓட்டை வழியாப் பாத்தேன். சோளத்து ஓரமாக் குச்சி குச்சியா நட்டு, சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுத்தி, முழங்கால் உயரத்துல கம்பி. கம்பியைக் கையில புடிச்சுக்கிட்டு மாமா. சாஞ்ச ஒரு குச்சியை நிமித்தி, கம்பியைச் சுத்திட்டு இருக்காரு. வெறுங்கை. வெறுங்கால். ஈர மண்ணு.

குனிஞ்சப்பப் பாப்பா இடுப்புல இருந்து இறங்கியிருக்கா. எனக்குத் தெரியல. திரும்பினா, ஒரு கை மாட்டுத் தொட்டி மேல, எக்கி நின்னு, இன்னொரு கை விரல் ஸ்விட்சு மேல.

சாயங்காலமானா அத்தை அவளைத் தூக்கிட்டு ரூம் ரூமாப் போவாங்க. "சாமி, லைட்டுப் போடுங்க. ஆங்... கெட்டிக்காரி." தினமும்.

எப்படித் தாண்டினேன்னு தெரியல. கையைப் புடிச்சு இழுத்ததுல அவளுக்கு மணிக்கட்டுல என் நகம் பதிஞ்சிருக்கு. வீல்னு அழுதா. அழுகை கேட்டு மாமா அங்க இருந்தே நிமிர்ந்து, ஒரு கையில கம்பியோட, இன்னொரு கையை ஆட்டினாரு.

"என்ன சாமி, மாடு பாக்க வந்தீங்களா?"

ஆமாங்க மாமான்னேன். அதைத்தான் சொன்னேன்.

பிளக்கை உருவிட்டு வந்துட்டேன். சாயங்காலம் அவரு திரும்பச் சொருகியிருக்கணும். விளக்கு வெக்கிற நேரத்துல டக்.


அதே நாள், பின்னும்

தூக்கம் வரல. கம்ப்யூட்டர் அணைஞ்சதை எல்லாம் இதுல எழுதி வெச்சிருக்கேனே, எரிச்சலோட. அதைத் திருப்பிப் படிச்சேன். சமூக அறிவியல் அன்னைக்குக் கம்பியில பட்டது என்ன? ராம் துடைச்ச அன்னைக்கு என்ன? பன்னியா, முயலா, மயிலா? எட்டாம் வகுப்பு அன்னைக்கு எதுன்னு தெரியும். நான் இந்தச் சேர்ல உக்காந்து திட்டிட்டு இருந்தேன்.

பாதியில நின்ன அந்த ஃபைலைத் தொறந்து பாத்தேன். கடைசி வரி, 'ஈரமான மண் மின்சாரத்தை'. அவ்வளவுதான் இருக்கு.

நேத்து மழையில டவுனுக்குப் போகல. போய்ப் புது யு.பி.எஸ். வாங்கியிருந்தா எனக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது. இதுதான் என்னை உக்கார விடாம அடிக்குது. எட்டாம் வகுப்பு, ஒம்பதாம் வகுப்புன்னு அடிச்சுட்டே இருந்திருப்பேன்.


நவம்பர் 16, ஞாயிறு

பிரபுகிட்டச் சொன்னேன். சாளை, கார்டு, ஜிம்மி, பாப்பா விரல், மாமா கை. எல்லாம். மூச்சு விடாம.

லைன் போச்சுன்னு நினைச்சேன்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"அப்பாகிட்ட எதும் கேக்காத. மக்காச்சோளம் வெட்டற வரைக்கும்தான்."

கேட்டதுக்கு இது பதில் இல்ல. ஆனா பதில்தான்.

"கார்டை எடுத்தது நீங்கதான?"

"...நான் போட்டா ஒழுங்காப் போடுவேன்னுதான். அவரு பாட்டுக்கு ரப்பர் இல்லாத வெறும் ஒயரைக் கட்டி வெச்சிருந்தாரு. அது இன்னும் ஆபத்து. சொன்னாக் கேக்கல. ஊர்ல எல்லாரும்தான் பண்றாங்க, சுகு."

"ராமைத் துடைன்னு சொன்னீங்க."

"அது... அதுவும் ஒரு காரணமா இருக்கலாமல்ல."

போனைத் திருப்புன்னு சொல்லிச் சிரிச்சாரே அன்னைக்கு. ரப்பரை வெச்சுட்டு நான் துடைக்கத் துடைக்கப் பாத்துட்டு இருந்தாரே.

"யானை வந்து பட்டா?" ன்னு கேட்டேன். "மருதாயி பட்டா? உங்கப்பா ஜெயிலுக்குப் போவாரு. அதுகூடப் பரவால்ல. பாப்பா பட்டா?"

"பகல்ல ஆஃப்லதான இருக்கும்."

"ஆன் பண்றதுக்குத்தான் உங்க மக விரலை வெச்சிருந்தா."

டூட்டிக்கு நேரமாச்சுன்னாரு. ஞாயித்துக்கிழமை அங்க வேலை நாள்தான். நிஜந்தான். இருந்தாலும்.


நவம்பர் 17, திங்கள்

வெயில்.

கேக்காதன்னாரு. கேட்டுட்டேன். காலையில மாமா பாப்பாவுக்குச் சுட்ட சோளத்தை உதுத்து ஊட்டிட்டு இருந்தாரு. ஒவ்வொரு முத்தையும் ஊதி ஊதி. அந்த மனுசன்தான். அதே கை.

"மாமா, முந்தாநேத்து நீங்க கம்பியைப் புடிச்சுட்டு இருந்தப்ப, பாப்பா கை ஸ்விட்சுல இருந்துச்சுங்க."

ஊதறது நின்னுது.

பாப்பா வாயைத் தொறந்துட்டே இருக்கா. அப்புறம்:

"ஸ்விட்சை மேல தூக்கி வெச்சுப்போடறனம்மணி."

"ஸ்விட்சு இல்லீங்க மாமா. கம்பி வேண்டாங்க."

"பன்னி ஒரு ராத்திரி உள்ள பூந்துதுன்னா ஒண்ணும் மிஞ்சாது. உனக்குத் தெரியாது. வெளக்கு வெச்சாச்சு, பட்டாசு போட்டாச்சு, சேலையைக் கட்டிப் பாத்தாச்சு. எதுக்கும் மசியறதில்ல." பாப்பா வாயைத் துடைச்சுவிட்டாரு. "நாயி போனதுல இருந்து எனக்கும் தூக்கமில்ல. சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் ஓடினேன். அதுக்குள்ள..."

இன்னொரு முத்தை எடுத்து ஊதினாரு.

அத்தை சமையக்கட்டுல இருந்து, "காலங்காத்தால என்ன பேச்சு" ன்னாங்க. குரல் வேற மாதிரி இருந்துது. அவங்களுக்கும் பயம். அவங்க பயத்துக்கு மருதாயியை ரோட்டுல சுத்த விட்டாங்க.

மத்தியானம் அவரு சந்தைக்குப் போன நேரம் பாத்து, துணி வெட்டற கத்திரியை எடுத்துட்டுப் போய், பிளக்கை உருவி, என் கார்டைத் துண்டு துண்டா வெட்டினேன். பேர் இருந்த துண்டைக் கொண்டாந்து மேஜை அறையில போட்டேன்.

சாயங்காலம் கம்ப்யூட்டர் அணையல. ட்யூப்லைட் அசையல. ஒம்பதாம் வகுப்புக் கணக்கு முழுக்க முடிஞ்சுது. ஒவ்வொரு வரிக்கும் சேவ். மாமா டி.வி.யை முழுச் சத்தத்துல வெச்சிருந்தாரு. என்கூடப் பேசல. நல்ல சாயங்காலம்னு சொல்லணும். முதுகு மட்டும் விறைச்சே இருந்துது.


நவம்பர் 19, புதன்

நேத்தும் அணையல. இன்னைக்கு மத்தியானத்துல இருந்து நல்ல மழை. மருதாயி சாயங்காலம் வேலை முடிஞ்சு கோணிப்பையைத் தலையில போட்டுட்டுக் கிளம்பினா. எந்தப் பக்கம் போனான்னு பாக்கல. பாப்பா சளியோட அழுதுட்டு இருந்தா. பாத்திருக்கணும்.

விளக்கு வெச்சாங்க. பத்தாம் வகுப்புத் தமிழ், முதல் பக்கம். ட்யூப்லைட் சிமிட்டல, மங்குச்சு. மங்கினது மங்கினபடியே. டக், டக், டக். கருப்பு.

மூளை தனியா எண்ணுது. பாப்பா கட்டில்ல. அத்தை சாமி ரூம்ல. மாமா ஹால்ல. மருதாயி.

ஓடிப்போய் மெயினை இறக்கினேன். வீடு முழுக்க இருட்டு. மாமா டார்ச்சை எடுத்துட்டு மழையில இறங்கினாரு. செருப்புப் போடல. "செருப்பு, செருப்பு" ன்னு அத்தை கத்தினாங்க.

மருதாயிக்குப் போன் அடிச்சேன். எடுக்கல. மறுபடி அடிச்சேன். எடுக்கல. அத்தை வந்து என் தோளைப் புடிச்சுட்டு நின்னாங்க. மூணாவது தடவை அவ மக எடுத்தா. "அம்மா காலு கழுவிட்டு இருக்குதுங்க. என்னங்க?"

ஒண்ணுமில்ல கண்ணுன்னேன். அத்தை அப்படியே தரையில உக்காந்துட்டாங்க.

மாமா திரும்பி வந்தாரு, தலையெல்லாம் தண்ணி. "தென்னை மட்டை உழுந்து கெடக்குது கம்பி மேல. ஒண்ணுமில்ல."

இன்னைக்கு மட்டை.

அப்புறம் ரொம்ப சாதாரணமா, "மெயினைப் போடம்மணி. வேற ஒயரு மாட்டி, ஸ்விட்சை எட்டாத உயரத்துலதான் வெச்சிருக்கறன். குழந்தைக்குக் கொசு கடிக்கும்."

"போடமாட்டேனுங்க மாமா."

அவரு என்னையே பாத்தாரு. நான் இதுவரைக்கும் அவருகிட்ட மாட்டேன்னு சொன்னதில்ல. அத்தை சொல்லுவாங்கன்னு பாத்தாரு போல. அத்தை சொல்லல. முந்தானையை எடுத்து அவரு தலையைத் துவட்டிவிட்டாங்க.

பாப்பா மடியில. மெயின் போர்டுக்குக் கீழ சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கேன். போன் டார்ச்சு வெளிச்சத்துல எழுதறேன். பேட்டரி கொஞ்சம்தான். பிரபுவுக்கு அனுப்பினதை இங்கயும் எழுதி வெச்சுடறேன், அப்புறம் நான் இப்படிச் சொல்லலைன்னு நானே நினைச்சுடக் கூடாது:

"மெயினை இறக்கிட்டேன். கம்பியை எடுத்தாத்தான் போடுவேன். அப்பா மறுபடியும் கட்டிட்டாரு, ஸ்விட்சை எட்டாத உயரத்துல வெச்சிருக்காரு. பாப்பா வளருவா, எட்டும். இன்னைக்கு மருதாயின்னு நினைச்சு அத்தையும் நானும் செத்துப் பொழைச்சோம். சோளத்துக்கு என்ன பண்றதுன்னு எல்லாரும் உக்காந்து யோசிக்கலாம், நானும் வாரேன், எத்தனை நாள் வேணும்னாலும் சாளையில நின்னு தகரம் தட்டறேன். ஆனா கம்பி வேண்டாம். நான் சொன்னாக் கேக்க மாட்டாரு, நீங்க சொன்னாக் கேப்பாரு. நீங்கதான் கட்டினீங்க, நீங்கதான் அவுக்கச் சொல்லணும். இப்பவே அப்பாவுக்குப் போன் பண்ணுங்க. இருட்டுலதான் உக்காந்திருக்கோம். சீக்கிரம் பதில் போடுங்க."